ஒரு சொல், பல மரபு: உளச்சிகிச்சை ஒருங்கிணைப்பு இதழின் பதிப்புப் பணி குறித்து ஒரு மொழியியல் நோக்கு

1. இதழும் அதன் வாசகரும்

உளச்சிகிச்சை மரபுகளின் ஒருங்கிணைப்புக்கென்றே ஓர் ஆய்விதழ் 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. ‘ஜர்னல் ஆஃப் சைக்கோதெரபி இன்டகிரேஷன்’ என்னும் அவ்விதழின் முதல் ஆசிரியர் ஹால் ஆர்கோவிட்ஸ். மார்வின் கோல்ட்ஃபிரீடு, பால் வாக்டெல் முதலியோர் முன்னின்று 1983இல் அமைத்த கழகத்தின் இதழாக அது வெளிவந்தது. இன்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் வெளியீடுகளுள் ஒன்றாக உள்ளது. இதற்கு முன்பே, 1980களில், இத்துறைக்கு வேறோர் இதழ் இருந்தது. அதன் பெயரில் முதலில் ‘எக்ளெக்டிக்’ என்னும் சொல் மட்டுமே இடம்பெற்றிருந்தது. 1987இல் ‘இன்டகிரேட்டிவ்’ என்பதும் சேர்ந்தது. 1991இன் இதழிலோ பழைய சொல் முற்றிலும் மறைந்தது. தமிழில் ‘கதம்பம்’ என்று பெயர்த்தால் எழக்கூடிய இளக்காரத் தொனி ஆங்கிலச் சொல்லின்மீதும் படிந்திருந்தது என்பதை இப்பெயர் மாற்றங்களே உணர்த்தும்.

இத்தகைய இதழ் ஒன்று ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய, ரிச்சர்டு ஹெரிங்க் 1980இல் தொகுத்த கையேட்டை நோக்கினாலே போதும். 250க்கும் மேற்பட்ட உளச்சிகிச்சை முறைகள் அதில் அகரவரிசையில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் கலைச்சொற்கள், தனித்தனிப் பயிற்சி நிலையங்கள், பெரும்பாலும் தனித்தனி இதழ்கள். உளப்பகுப்பாய்வு இதழை நடத்தைச் சிகிச்சையாளர் படிப்பதில்லை. அவர் எழுதுவதை உளப்பகுப்பாய்வாளர் தொடுவதில்லை. கிளைமொழிகள் ஒன்றையொன்று அறியாமல் விலகிச் சென்று தனிமொழிகளாகும் நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

ஒருங்கிணைப்பு இதழின் ஆசிரியர் இம்மொழிகள் அனைத்தையும் பேசுவோரை ஒரே வாசகர் கூட்டமாகக் கொள்கிறார். ஆகவே அவருடைய பணி பெருமளவும் மொழிபெயர்ப்புப் பணியே எனலாம். ஆயின், அவருக்கு இடர் தருவது அறியாத கலைச்சொல் அன்று. அறியாத சொல்லைக் கண்ட வாசகர் நின்று வினவுவார். எல்லா மரபினரும் தமக்கு நன்கு தெரிந்ததெனக் கருதிக் கடந்து செல்லும் சொல்லே உண்மையில் இடர் தருவது.

2. பெயர்ப்பு முயற்சிகளும் அவற்றின் திசையும்

மரபுகளுக்கிடையே பெயர்ப்பு முயற்சி இவ்விதழோடு தொடங்கியதன்று. 1932இல் தாமஸ் ஃபிரெஞ்ச், அமெரிக்க உளமருத்துவர் சங்கக் கூட்டத்தில், ஃபிராய்டின் கருத்துகளையும் பாவ்லோவின் கருத்துகளையும் ஒப்பிட்டு உரை நிகழ்த்தினார். 1950இல் ஜான் டொலார்டும் நீல் மில்லரும் வெளியிட்ட நூல் இம்முயற்சியை முழுமையாக மேற்கொண்டது. ஃபிராய்டின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கற்றல் கோட்பாட்டின் சொற்களாக அவர்கள் மாற்றினர். இன்ப நாட்டக் கொள்கை வலுவூட்டல் கொள்கையாயிற்று. ‘ஒடுக்கம்’ என்பது, அச்சந்தரும் ஒன்றை ‘எண்ணாதிருத்தல்’ என்னும் கற்றுக்கொண்ட துலங்கல் ஆயிற்று.

மொழிபெயர்ப்பாளர் நோக்கில் இந்நூல் வியப்புக்குரியது, ஐயத்துக்கும் உரியது. பெயர்ப்பு ஒரே திசையில் நடைபெறுகிறது. ஃபிராய்டின் மொழி மூலமொழி. கற்றல் கோட்பாட்டின் மொழி பெறுமொழி. பெறுமொழியில் இடமில்லாதவை யாவும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. ஒடுக்கப்பட்டது வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டும் என்பது ஃபிராய்டிடம் ஒடுக்கத்தின் உயிர்நிலை. ‘எண்ணாதிருத்தல்’ என்னும் தொடரில் அந்த மீள்வருகைக்கு இடம் ஏது?

வாக்டெல் 1977இல் எழுதிய நூல், இரு மரபுகளும் ஒன்றையொன்று எவ்வாறு திருத்தக்கூடும் என்று காட்டிப் பெயர்ப்பை இருதிசைப் போக்குவரத்தாக்கியது. கோல்ட்ஃபிரீடு 1980இல் எழுதிய கட்டுரை வேறு வழியைச் சொன்னது. மேலே கோட்பாடு, கீழே நுட்பம், இவ்விரண்டிற்கும் நடுவே சிகிச்சை உத்தி என மூன்று தளங்களை அவர் வகுத்தார். மேல்தளத்தில் உடன்பாடு ஏற்படாது; கீழ்த்தளத்தில் ஏற்படும் ஒப்புமை அற்பமாக இருக்கும்; நடுத்தளத்திலேயே மரபினர் ஒருவரையொருவர் அடையாளங்காண இயலும் என்பது அவர் வாதம். முன்பு அஞ்சியதை மீண்டும் எதிர்கொண்டு வேறு விளைவைக் காணும் அனுபவத்தை நோயாளிக்கு அளித்தல் நடுத்தளத்துக்குரிய கூற்றாகும். எந்த மரபினரும் இதனைத் தம் கூற்றென ஏற்பர்.

1980இலேயே ஸ்டான்லி மெஸ்ஸரும் விநோகுரும் இதற்கு மறுப்பெழுப்பினர். நடத்தைச் சிகிச்சையின் உலகநோக்கு இன்பியல் நாடகத்தை ஒத்தது: சிக்கல் உண்டு, அது தீரும். உளப்பகுப்பாய்வின் நோக்கோ துன்பியலைச் சார்ந்தது: சில முரண்கள் தீரா, அவற்றை அறிந்து ஏற்று வாழ்தலே இயலும். இவ்வாறாயின், இரு மரபினரும் ‘நோயாளி தேறினார்’ என்று எழுதும்போது ஒன்றையே குறிக்கிறார்கள் எனக் கொள்ள முடியாது. (தமிழில் ‘குணம்’ என்னும் சொல் நோய் நீங்குதலையும் ஒருவரது இயல்பையும் ஒருங்கே குறிப்பதால், இந்த விவாதம் முழுவதையும் அச்சொல் ஒன்றைக் கொண்டே நடத்திவிடலாம் போலும்.)

1987இல் முந்தைய இதழ், பொதுமொழி குறித்த சிறப்புப் பகுதியொன்றை ஜான் நார்க்ராஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. அத்தகைய மொழி இன்றுவரை உருவாகவில்லை. அதனை இழப்பு என்று கருத வேண்டுவதில்லை. பொதுமொழி என்று ஒன்று நிலைபெற்றிருந்தால் அதுவும் ஏதேனும் ஒரு மரபின் மொழியாகவே இருந்திருக்கும்.

3. ‘எதிர்ப்பு’ என்னும் சொல்

இதழாசிரியரின் மேசைக்கு வரும் இடரை ஒரு சொல்லைக் கொண்டு விளக்கலாம். கடைவீதிக்குத் தனியே செல்ல அஞ்சும் ஒருவர் சிகிச்சைக்கு வருவதாகக் கொள்வோம். நாள்தோறும் சற்றுத் தொலைவு நடந்துசென்று, எழும் அச்சத்தைக் குறிப்பேட்டில் பதியுமாறு சிகிச்சையாளர் கூறுகிறார். அடுத்த வாரம் அவர் குறிப்பேடின்றி வருகிறார். இந்நிகழ்ச்சியை மூன்று மரபினர் மூன்று கட்டுரைகளில் எழுதினால் மூவரும் ‘எதிர்ப்பு’ என்னும் ஒரே சொல்லைக் கையாளக்கூடும்.

உளப்பகுப்பாய்வாளருக்கு அது நனவிலியில் உள்ளது நனவுக்கு வருவதைத் தடுக்கும் ஆற்றல். அது சிகிச்சைக்குத் தடையன்று, சிகிச்சையின் பொருளே அதுதான். ஆகவே அதனைக் கண்டவர் உள்ளூர மகிழ்வர். நடத்தைச் சிகிச்சையாளருக்கு அது கொடுத்த பணியைச் செய்யாமை. பணி கடினமானதா, தவறாகத் திட்டமிடப்பட்டதா, செய்யாதிருத்தலால் ஏதேனும் பயன் கிட்டுகிறதா என்று அவர் ஆராய்வார். ஊக்கமூட்டும் நேர்காணல் முறையினருக்கோ அது நோயாளியிடம் உள்ள பொருளே அன்று. இருவர் பேச்சுக்கிடையே தோன்றுவது. வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் 1991இல் வெளியிட்ட தங்கள் நூலின் மூன்றாம் பதிப்பில், 2013இல், ‘எதிர்ப்பு’ என்னும் கருத்தாக்கத்தையே கைவிட்டனர். அதனிடத்தில் இரண்டு சொற்கள் வந்தன: இருக்கும் நிலையே தொடரவேண்டும் என்னும் சார்பில் நோயாளி பேசும் பேச்சு ஒன்று, இருவருக்கிடையே ஏற்படும் பிணக்கு மற்றொன்று. குடும்பச் சிகிச்சையாளர் ஸ்டீவ் டி ஷேசர் 1984இலேயே ‘எதிர்ப்பின் மரணம்’ என்று கட்டுரைத் தலைப்பிட்டு எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது.

இது வெறும் சொல் வழக்கல்ல. பிழை யாரிடத்தில் என்பதை இச்சொல் முடிவு செய்கிறது. ‘நோயாளி எதிர்ப்புக் காட்டினார்’ என்று எழுதப்படும்போது நடையிலும் ஒரு மறைப்பு நிகழ்கிறது. எதிர்த்தல் என்னும் வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். ‘எதிர்ப்பு’ என்னும் தொழிற்பெயருக்கு அது வேண்டுவதில்லை. எதனை எதிர்த்தார், யாரை எதிர்த்தார், எப்போது எதிர்த்தார் என்னும் வினாக்கள் பெயராக்கத்தில் கரைந்துபோகின்றன. ‘எதிர்ப்புள்ள நோயாளி’ எனப் பெயரடையாக்கிவிட்டாலோ நிகழ்ச்சி ஒன்று நிலையான இயல்பாகிவிடுகிறது. நோயேட்டில் அத்தொடர் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த மருத்துவரும் அதனைக் கொண்டே அவரை அறிவார்.

ஆகவே, இத்தகைய கட்டுரையைப் பெறும் ஆசிரியர் எழுப்பவேண்டிய வினா ‘எதிர்ப்பு என்பதற்கு உங்கள் வரையறை என்ன?’ என்பதன்று. வரையறை கேட்டால் ஆசிரியர்கள் தத்தம் பாடநூலிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்துவிடுவர். ‘அறையில் என்ன நிகழ்ந்தது?’ என்று கேட்டல் வேண்டும். ‘குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை; கேட்டபோது மறந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்; பின்னர்த் தம் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்’ என்று மூன்று வாக்கியங்கள் சேர்க்கப்பட்டால், ‘எதிர்ப்பு’ என்னும் சொல் இருந்தாலும் தீங்கில்லை. எந்த மரபு வாசகரும் அந்த மூன்று வாக்கியங்களைத் தம் மொழியில் தாமே பெயர்த்துக்கொள்வார். கலைச்சொல்லை நீக்குதலைவிட, கலைச்சொல்லுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுதலே பயனுடையது.

கட்டுரை இறுதியில் சொல்லடைவு சேர்த்தல் எளிய வழி என்று தோன்றலாம். ஆனால் சொல்லடைவில் ஒரு சொல்லுக்கு எதிரே மற்றொன்று அச்சிடப்பட்டவுடன் இரண்டும் சமம் என்னும் எண்ணம் வாசகருக்கு ஏற்படுகிறது. ‘ஒத்துணர்வு’ என்னும் சொல்லை நோக்குக. கார்ல் ரோஜர்ஸ் 1957இல் அதனை ஆளுமை மாற்றத்துக்கு வேண்டிய நிலைகளுள் ஒன்றாக வைத்தார். அங்கு அதுவே மருந்து. ஹைன்ஸ் கோஹுட் 1959இல் எழுதிய கட்டுரையில் அது உற்றறியும் கருவி. பிறர் அகத்தை அறியும் வழி. மருந்தையும் நுண்ணோக்கியையும் ஒரே சொல்லால் வழங்கும் இருவருக்குச் சொல்லடைவு என்ன செய்யும்?

4. மறைக்கப்பட்ட பெயரும் மறையாத சொல்லும்

ஆய்விதழ்களில் கட்டுரையாளர் பெயரை நீக்கி மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. ஒருங்கிணைப்பு இதழில் இம்மறைப்பு அரைகுறையாகவே அமையும். பெயர் மறைந்தாலும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். ‘நோயாளி’ என்று எழுதியவர் மருத்துவ அல்லது உளப்பகுப்பாய்வு மரபினர் என்றும், ‘கிளையன்ட்’ என்று எழுதியவர் 1942 முதல் அச்சொல்லைப் பரப்பிய ரோஜர்ஸின் வழியினர் என்றும் மதிப்பீட்டாளர் முதற்பக்கத்திலேயே ஊகித்துக்கொள்வார். ஊகம் சில வேளை பொய்க்கும். அதன் விளைவு பொய்க்காது.

இதனால் ஒரு கட்டுரைக்கு வரும் இரண்டு மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக அமைதல் இயல்பு. ஆசிரியரின் சொந்த மரபைச் சேர்ந்தவர் ‘இதில் புதிதொன்றும் இல்லை, மேலும் எளிமைப்படுத்திக் கெடுத்திருக்கிறார்’ என்பார். மற்றவர் ‘சொல்வது விளங்கவில்லை’ என்பார். இவற்றின் சராசரியை எடுத்து முடிவு செய்யும் இதழாசிரியர் தம் கடமையில் தவறியவராவார். முதலாமவர் மூலமொழிக்குரிய வாசகர். இரண்டாமவர் பெறுமொழிக்குரிய வாசகர். மொழிபெயர்ப்புப் படியைத் திருத்துவோர் இவ்விருவர் கருத்துக்கும் வெவ்வேறு எடை தருவதுபோல இங்கும் தரவேண்டும். விளங்காத இடங்களை இரண்டாமவரிடமும், கெட்டுப்போன இடங்களை முதலாமவரிடமும் கேட்டறிதலே முறை. புதுமை உண்டா என்பதை முதலாமவரிடம் மட்டும் கேட்டல் பயன்தராது. அவருக்குப் பழையது மற்றவருக்குப் புதியதாகலாம்.

5. வழக்குச் சொல்லா, ஆக்கச் சொல்லா?

கலைச்சொல்லை ஆக்குவதா, மக்கள் வழக்கிலிருந்து எடுப்பதா என்னும் பழைய விவாதம் இத்துறையின் பிறப்பிலேயே உள்ளது. ஃபிராய்டு தம் ஜெர்மனில் ‘இஹ்’, ‘எஸ்’ என்று எழுதியவை ‘நான்’, ‘அது’ என்னும் அன்றாடச் சொற்கள். ஜேம்ஸ் ஸ்டிரேச்சி தலைமையில் 24 தொகுதிகளாக வந்த ஆங்கிலப் பதிப்பில் அவை ‘ஈகோ’, ‘இட்’ என்னும் லத்தீன் சொற்களாயின. இடத்தைப் பிடித்தமர்தலைக் குறிக்கும் ‘பெஸெட்சுங்’ என்னும் வழக்குச் சொல் ‘கதெக்ஸிஸ்’ என்னும் கிரேக்க ஆக்கமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் புரூனோ பெட்டல்ஹைம் இதனைக் கடுமையாகத் தாக்கினார்: மனிதனைப் பற்றிய பேச்சு, மருத்துவக் கருவியைப் பற்றிய பேச்சாகிவிட்டது என்றார். அவர் கூற்றில் மிகை உண்டு. எனினும், ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வழங்குவதன் ஜெர்மன் மூலமாகிய ‘யூபர்ட்ராகுங்’ என்பதற்கு மொழிபெயர்ப்பு என்றும் பொருள் உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது. பழைய உறவின் உணர்வைப் புதிய உறவுக்குப் பெயர்த்தல் என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. தமிழில் ‘இடமாற்றம்’ என்றால் அலுவலக ஆணை நினைவுக்கு வரும். ‘உணர்வுப் பெயர்ப்பு’ என்பது மூலத்துக்கு மிக அணுக்கமானது. ஆயின் அது வழக்கில் இல்லை.

வழக்குச் சொல்லின் பக்கம் நின்றவருள் இங்கிலாந்தின் ஆண்டனி ரைல் குறிப்பிடத்தக்கவர். உளச்சிகிச்சைகளுக்குப் பொதுமொழி இயலுமா என்று 1978இல் ஒரு கட்டுரையில் வினவிய அவர், பின்னர் அறிதல்-பகுப்பாய்வுச் சிகிச்சை என்னும் ஒருங்கிணைந்த முறையை வகுத்தார். நோயாளியின் சிக்கல்களை அவர் 1979இல் மூன்றாக வகைப்படுத்தினார்: ‘டிராப்’, ‘டைலமா’, ‘ஸ்னாக்’. நோயாளியோடு பேசும்போதும் சிகிச்சையாளர் இதே சொற்களைப் பயன்படுத்துவர் என்பதே இவற்றின் சிறப்பு. தமிழில் பெயர்ப்பதற்கு இவை மிக எளியவை போலத் தோன்றும், அதுவே இடர்.

‘டிராப்’ என்பதற்குப் பொறி என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் ரைல் குறிப்பது, ஒருவர் தம் தாழ்வெண்ணத்தால் செய்யும் செயலே அத்தாழ்வெண்ணத்தை மெய்ப்பித்துத் தரும் சுற்றுப்போக்கை. பொறியை வேறொருவர் வைக்கவேண்டும். மேலும் ஐம்பொறி, தீப்பொறி, பொறியியல் என இச்சொல் ஏற்கெனவே சுமை மிக்கது. ‘சுழல்’ என்பது பொருத்தமாகும்.

‘டைலமா’வுக்கு இருதலைக்கொள்ளி என்னும் அழகிய தொடர் நம்மிடம் உள்ளது. இருபுறமும் எரியும் கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பு உண்மையிலேயே வழியற்றது. ரைல் சொல்வதோ இதற்கு மாறானது: ‘ஒன்று முற்றிலும் அடங்கிப்போவேன், அல்லது முற்றிலும் அடக்கியாள்வேன்’ என்று இரண்டே வழிகள் இருப்பதாக நோயாளி கொள்ளும் பொய்யான எண்ணம். மூன்றாம் வழி உண்டு என்று காட்டுவதே சிகிச்சை. இருதலைக்கொள்ளி என்று மொழிபெயர்த்துச் சிகிச்சையாளர் அதனை நோயாளியிடம் சொன்னால், அவரது நம்பிக்கையின்மையை வழிமொழிந்ததாகவே முடியும். அழகு குறைந்த ‘பொய்யிருமை’ போன்ற ஆக்கமே இங்குத் தகும். அல்லது ‘இதைவிட்டால் அதுதான் என்னும் எண்ணம்’ என்று விரித்தே எழுதலாம்.

‘ஸ்னாக்’ என்பது ஆற்றில் நீருக்கடியில் மறைந்து படகை மோதும் மரக்கட்டை. தகுந்த குறிக்கோளை, பிறர் வருந்துவர் என்ற அச்சத்தாலோ குற்றவுணர்வாலோ ஒருவர் கைவிடுவதை ரைல் இச்சொல்லால் குறித்தார். ‘முட்டுக்கட்டை’ என்பது பிறர் வெளிப்படையாக இடுவது. இது உள்ளே மறைந்திருப்பது. ‘உள்தடை’ எனலாம்.

6. உருமாற்றப்பட்ட நோயாளி

நோயாளியின் வரலாறு அச்சேறும்போது அவரது ஒப்புதலைப் பெறவேண்டும். இன்றேல் அவரை அடையாளம் காணாவண்ணம் விவரங்களை மாற்றவேண்டும் என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. ஃபிராய்டும் ‘டோரா’ என்னும் புனைபெயரிட்ட பெண்ணின் சிகிச்சை 1900இன் இறுதியில் முறிந்த பின், ஆண்டுகள் கழித்து 1905இல்தான் அதனை வெளியிட்டார். மாற்றுதலிலும் அளவு உண்டு. தொழிலை மாற்றலாம், ஊரை மாற்றலாம்; சிகிச்சையின் போக்கையே விளக்கும் விவரத்தை மாற்றிவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். எது புறவிவரம், எது உயிர்விவரம் என்பதைக் கட்டுரையாளரோடு அமர்ந்து தீர்மானிப்பது இதழாசிரியரின் பொறுப்பு. தம் கதையை அச்சில் காணும் நோயாளியும் அவ்விதழின் வாசகரே என்பதை மனத்திற்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கவேண்டிய இடம் இதுவாகும்.

தமிழில் எழுதப்படும் வரலாறுகளில் இப்பொறுப்பு இன்னும் கடுமையாகிறது. பெயர், ஊர், தொழில் அனைத்தையும் மாற்றிய பின்னும், நோயாளியின் பேச்சை உள்ளபடி தந்தால் ‘அம்மிச்சி’ என்னும் ஒரு சொல் கொங்கு நாட்டைக் காட்டிவிடும். ‘ஆத்துக்காரர்’, ‘வாப்பா’ என்பவை சமூகத்தைக் காட்டிவிடும். பேச்சைப் பொதுத்தமிழாக்கினால் அவரது குரல் போய்விடும். உளச்சிகிச்சையில் குரலே சான்று. ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொரு வட்டாரத்துக்கு முழுமையாகப் பெயர்த்துவிடுதல் மூன்றாவது வழி. அதற்கு இரண்டு வட்டார வழக்குகளையும் நன்கறிந்த ஒருவர் வேண்டும். மொழியியலாளர் இங்குத் துணைநிற்க முடியும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இடர் தலைகீழாகிறது. மூலத்தில் ‘அங்கிள்’ என்றிருக்கிறது. தமிழில் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று தேர்ந்தாக வேண்டும். தாய்வழி ஆணா தந்தைவழி ஆணா என்பது உணர்வுப் பெயர்ப்பைப் பற்றிய கட்டுரையில் சிறு செய்தியன்று. மாமன் என்றால் மணவுறவின் நிழலும் கூடவே வந்துவிடும். மூலநூல் எதுவாயினும் மொழிபெயர்ப்பாளர் பிற சான்றுகளைத் தேடி உண்மையைக் கண்டறிய முயல்வார். இங்கு அம்முயற்சியே தகாது: அந்த உறவினர் கட்டுரையாளரால் உருமாற்றப்பட்டவராக இருக்கலாம், மூலத்தில் அவர் அத்தையாகவோ அண்டைவீட்டாராகவோ இருந்திருக்கலாம். இதழாசிரியருக்கு எழுதிக் கேட்கலாம். உண்மையில் யார் என்று கேட்காமல், கட்டுரையின் வாதத்திற்கு எந்த வழி உறவு பொருந்தும் என்று மட்டும் கேட்டல் வேண்டும். அதற்கும் விடை வாராதவிடத்து, ‘வீட்டுப் பெரியவர் ஒருவர்’ என்று எழுதி உறவுமுறையைத் திறந்தே விடுதல் நன்று.